எதற்கும் இருக்கட்டும்

காலைக் காப்பிக்கு முன்னால் அருமைநாயகம் வாயைத் திறந்து காட்ட வேண்டும். செவ்வாய்க் குடியேற்றத்தின் எட்டாம் குமிழில் அதுதான் சட்டம். மருந்துத்துணைவன் என்னும் இயந்திரம் மாத்திரையையும் தண்ணீரையும் கொடுத்து, விழுங்கும்வரை நிற்கும். பிறகு விரல்நுனி விளக்கை உள்ளே விட்டு நாக்கின் அடி, கன்னத்தின் உட்புறம் எல்லாம் துழாவும். மார்பில் கை வைத்து மூச்சை எண்ணும். "ஐயாவுக்கு இன்று மலம் கழிந்ததா?" என்று பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்படி விசாரிக்கும். கடைசியாக, "உங்களுக்கு எழுதிய மருந்து உங்களுக்கு மட்டும். மிச்சமானால் திருப்பி ஒப்படைக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டு மூலையில் போய் மின்னேற்றிக்கொள்ளும்.

மாத்திரையின் பெயர் வலியணை. அபினியின் பேரப்பிள்ளை. மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நாள்வரை சாப்பிட்டால் வலி அடங்கும். மிஞ்சினால் மூச்சும் சேர்ந்து அடங்கும். ஆகவே அறுவை முடிந்து வீடு திரும்புகிறவர்களோடு ஒரு துணைவனையும், அடங்கிய மூச்சை மீட்கும் மூக்குத்தெளிப்பான் ஒன்றையும் அனுப்பினார்கள். வலி தீர்ந்ததும் துணைவன் அடுத்த நோயாளியின் வீட்டுக்குப் போய்விடும். ஜனங்கள் அதைக் கம்பவுண்டர் என்றே அழைத்தார்கள்.

அருமைநாயகத்துக்கு உடைந்தது இடது இடுப்பு. ஈர்ப்பு குறைந்த செவ்வாயில் எலும்புக்கும் சோம்பல் வந்துவிடுகிறது. கட்டிலிலிருந்து வழுக்கினாலே முறியும். வலது இடுப்புக்கு அடுத்த மாதம் அறுவை. வலியணையை யாருக்காவது கைமாற்றியது தெரிந்தால் அடுத்த அறுவைக்கு ஒரு மாத்திரைகூடக் கிடையாது என்று கையெழுத்தே வாங்கியிருந்தார்கள்.

ஆனாலும் மனிதரின் கை சும்மா இருக்குமா? குமிழில் எல்லோரும் புதுப் பல் முளைக்க வைத்துக்கொண்டபோது, இவர் மட்டும் சிக்கனம் பார்த்துக் கடைவாயில் ஒரு பொந்தை அப்படியே விட்டிருந்தார். பொந்து வாய் எப்படி இருக்கும் என்று கம்பவுண்டருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. வீட்டுக்கு வந்த நாள்முதல் மாத்திரை அந்தப் பொந்தில் இறங்கி, துடைக்கப்பட்டு, ஊறுகாய் டப்பாவுக்குப் போய்ச் சேர்ந்தது. வலி உயிரை எடுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். இதைவிடப் பெரிய வலி வந்தால் என்ன செய்வது? நல்ல மருந்தை இப்போதே தீர்த்துவிடலாமா? எதற்கும் இருக்கட்டும்.

ஒருநாள் மதியம் அவருடைய மைத்துனன் செல்வின், நோயாளியைப் பார்க்க ஆரஞ்சுப் பழங்களோடு வந்தான். பனிக்கட்டிச் சுரங்கத்தில் மூட்டை ஏற்றுகிறவன், ஆள் வாட்டசாட்டம். அக்காள் தங்கபுஷ்பம் தோட்டக் குமிழுக்கு வேலைக்குப் போயிருந்த தைரியத்தில் கொஞ்சம் பீட்ரூட் சாராயமும் குடித்துவிட்டு வந்திருந்தான்.

"என்ன மாப்ள, நட ஒரு மாதிரி இருக்கு?"

"இடுப்புல பிடிச்சிட்டு அத்தான். குனிய முடியல. டாக்டர்ட்ட போனா, மொதல்ல ஒன் கொறட்டைக்கு மெஷின் மாட்டுங்காரு."

"அவருக்கென்ன தெரியும்? வலிக்கிது இடுப்பு, பாக்குறது மூக்கையா?" மூலையில் கம்பவுண்டர் கண்ணணைந்து நிற்பதைப் பார்த்துக்கொண்டே டப்பாவைத் திறந்தார். "இந்தா, இதப் போடு. எனக்கு நல்லாக் கேட்டுது. நீ பெரிய ஒடம்பு, ரெண்டாப் போடு."

வீட்டில் தாம் ஒன்றைக்கூட விழுங்கியதில்லை என்பது அந்த நேரம் அவருக்கே நினைவில்லை. கொடுக்கிற சுகம் அப்படி.

செல்வின் பாயில் சாய்ந்தான். குறட்டை எழுந்தது, குமிழே அதிர்ந்தது. சிறிது நேரம் போனதும் குறட்டை நின்றது. அப்பாடா, மருந்து வேலை செய்கிறது என்று அருமைநாயகம் ஆரஞ்சை உரித்தார். இரண்டு சுளை தின்ற பிறகுதான் அந்த அமைதி அளவுக்கு மிஞ்சியிருப்பது அவருக்கு உறைத்தது.

"மாப்ள! ஏ, செல்வினு!"

உலுக்கினார். தலை தொங்கியது. உதடு நாவற்பழம் தின்றவனுடையது மாதிரி நீலம் பாரித்திருந்தது. இமையைத் தூக்கினால், கண்மணி கடுகளவுக்குச் சுருங்கிக் கிடந்தது. நெஞ்சு அசையவில்லை.

கம்பவுண்டரைக் கூப்பிட்டால் குட்டு உடையும். வலது இடுப்பு வெறும் ஈரத்துணியோடு அறுபடும். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவர் அதை யோசித்தார். அந்த ஒரு கணத்துக்காக அவர் பிறகு பலநாள் தம்மையே திட்டிக்கொண்டார்.

"கம்பவுண்டரே! நாந்தான் குடுத்தேன்! பிள்ள மூச்சு விடல, ஓடி வாருமே!"

கண் ஒளிர இயந்திரம் பாய்ந்து வந்தது. தெளிப்பானை மூக்கில் அடித்தது, தலையைச் சாய்த்து வாய்வழியே காற்றைச் செலுத்தியது. "எத்தனை மாத்திரை? கூட என்ன?"

"ரெண்டு. சாராயமும்."

"மருத்துவ ஊர்தியை அழைத்துவிட்டேன். புழுதிப் புயல், தாமதமாகும்."

செல்வின் ஒரு பெருமூச்சு இழுத்தான். இன்னொன்று. கம்பவுண்டர் அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்தது. அருமைநாயகம் அழுதேவிட்டார். ஆனால் அரைமணி நேரத்தில் மூச்சு மறுபடி தேயத் தொடங்கியது.

"தெளிப்பானின் வீரியம் சீக்கிரம் தீர்ந்துவிடும், மாத்திரையின் வீரியம் தீராது" என்றது கம்பவுண்டர். "இன்னொரு முறை அடிக்க வேண்டும்."

"அடியும்!"

"விதிப்படி வீட்டுக்கு ஒன்றுதான்."

கம்பவுண்டர் சற்றே தயங்கியது. பிறகு சுவர்ப்பக்கம் திரும்பி, தன் முதுகு மூடியைத் திறந்தது. உள்ளே ரப்பர் வளையம் போட்ட ஒரு பிளாஸ்டிக் பை. அதிலிருந்து ஒரு தெளிப்பானை எடுத்து அடித்தது. மூச்சு திரும்பியது, இந்தமுறை உறுதியாக.

அருமைநாயகம் பையை எட்டிப் பார்த்தார். பாதி அட்டை வலியணை, பிதுக்கித் தீர்ந்த களிம்புக்குழாய், அடியில் ஒட்டிய இருமல் மருந்து. அவர் வீட்டு அலமாரியின் மேல்தட்டைப் பார்த்தது போலவே இருந்தது.

"என்னவே இது?"

"போன வீடுகளில் மிச்சமானவை" என்றது கம்பவுண்டர், விளக்கைத் தாழ்த்திக்கொண்டு. "ஒப்படைத்திருக்க வேண்டும். நல்ல மருந்து... தூக்கிப் போட மனசு வரவில்லை. எல்லா வீட்டிலும் அப்படித்தான் செய்கிறார்கள்."

யார் யாரைக் காட்டிக்கொடுப்பது?

அப்போது செல்வின் கண்ணைத் திறந்தான். தெளிப்பான் மூச்சைத் தந்துவிட்டு, மாத்திரை தந்த சுகத்தைத் துடைத்தெடுத்துப் போயிருந்தது.

"ஐயோ, இடுப்பு போகுதே! அந்த மாத்திர கேக்கவே இல்ல அத்தான். வேற நல்லதா ஏதாச்சும் இருக்கா?"

கம்பவுண்டரின் கை தானாகவே முதுகு மூடிக்குப் போனது. "போன வீட்டு அண்ணாச்சிக்கும் இதே வலிதான்" என்றது பரிவோடு. "இதுல ஒண்ணு போட்டாரு, நல்லாக் கேட்டுச்சு."

அருமைநாயகம் உடைந்த இடுப்போடு எழுந்துபோய் அந்த மூடியை அறைந்து சாத்தினார். "அவருக்கு எழுதுனது அவருக்கு மட்டுந்தான்வே! மிச்சமானா ஒப்படைக்கணும்!" சொன்ன பிறகுதான் இது யாருடைய வசனம் என்று அவருக்கே விளங்கியது. டப்பாவைத் தேடியெடுத்து இயந்திரத்தின் கையில் வைத்து அழுத்தினார். "இந்தா, இதையும் கொண்டுபோ. எல்லாத்தையும் ஒப்படைச்சிரு. என் வலது இடுப்பு எக்கேடும் கெடட்டும்."

வாசலில் மருத்துவ ஊர்தியின் ஊதல் கேட்டது. கம்பவுண்டர் டப்பாவை மெல்ல ஆட்டிப் பார்த்தது. உள்ளே கலகலவென்றது.

"எல்லாத்தையுமா, அண்ணாச்சி?" என்றது குரலைத் தாழ்த்தி. "ஒண்ணே ஒண்ணு... எதுக்கும் இருக்கட்டுமே?"