மேளமில்லாத பிளேட்டு

துக்க வீட்டில் அழுகைச் சத்தமே இல்லை. மூலையில் இருந்த கிராமபோன் பெட்டியின் தட்டு மட்டும், மேலே பாட்டுப் பிளேட்டு எதுவும் வைக்காமல், யாரும் சாவி கொடுக்காமல் சுற்றிக்கொண்டிருந்தது. சுருளிவேல் அதைக் கண்டும் காணாதவன்போல் உட்கார்ந்தான்.

திண்டுக்கல் ரயில்வே குடியிருப்பு. ரயில் கார்டு சூசைமுத்துவை அடக்கம் செய்த மறுநாள் மதியம். சுருளிவேலுக்கு அவரோடு பழக்கம் கிடையாது. சிலோன் ரேடியோவில் கேட்டுக் கிறங்கிப்போன இங்கிலீஷ் ராக் பாட்டு ஒன்றை, மேளமே இல்லாமல் வெறும் கித்தாரும் குரலுமாக ஒரு தடவை பதிவு செய்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து, மதுரை, திருச்சி என்று ஒரு பழைய சாமான் கடையையும் அவன் விட்டுவைக்கவில்லை. கடைசியில் பார்த்தால், அவன் கணக்கு எழுதும், தோல் பதனிடும் ஷாப்புக்குக் கூப்பிடு தூரத்தில், இந்த வீட்டில் இருந்தது அந்தப் பிளேட்டு.

ஜோதிமணிக்கு இது நிறைமாதம். முதல் இரண்டும் தங்கவில்லை. பிள்ளைத்தாச்சி புருஷன் இழவு வீட்டை மிதிக்கக் கூடாது என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருந்தாள். சூசைமுத்து வீட்டார் குடியிருப்பைக் காலி செய்யும் அவசரத்தில் பிளேட்டு கைமாறிவிடுமே என்று, ஷாப்பில் வேலை என அவளிடம் புளுகிவிட்டு வந்திருந்தான்.

சூசைமுத்துவின் மனைவி செபாஸ்தியம்மாள் விலை பேசவில்லை. உறையோடு எடுத்து நீட்டினாள். வாங்கிய சந்தோஷத்தில் அவனுக்கு வாய் தவறியது.

"அப்ப நான் போயிட்டு வாரேம்மா."

இழவு வீட்டில் யாரும் சொல்லாத வார்த்தை. சொல்லாமல்தான் எழுந்து போக வேண்டும். மூலையில் சுற்றிக்கொண்டிருந்த தட்டு நின்றது.

"சொல்லிட்டீங்களே," என்றாள் அவள், மெல்ல. "அவரு கேட்டுக்கிட்டாரு."

இழவு வீட்டிலிருந்து வந்தவன் குளித்துவிட்டுத்தான் தன் வீட்டுக்குள் நுழைய வேண்டும். குளித்தால் ஜோதிமணிக்குத் தெரிந்துவிடும். அப்படியே உள்ளே போனான். சட்டையில் ஊறிய தோல் நாற்றத்தையும் மீறி, அணைந்த மெழுகுத்திரியின் வாடை அவன் பின்னாலேயே நிலைப்படியைத் தாண்டி வந்தது.

தன் கிராமபோனில் பிளேட்டை வைத்து, சாவி கொடுத்து ஊசியை இறக்கினான். கித்தார். குரல். மயிர்க்கூச்செறிந்தது. பிறகு, குரலுக்கு அடியில், சின்னதாக, படபடவென்று ஒரு மேளம்.

மேளம் கிடையாது என்றார்களே. ஊசியைத் தூக்கினான்.

"ஏங்க," என்று அடுப்படியிலிருந்து ஜோதிமணி. "வயித்துல அசைவு நின்ன மாதிரி இருக்கு."

வைத்தான். மேளம்.

"இந்தா, அசையுது."

அவன் நம்பவில்லை. மறுபடி தூக்கினான்.

"ஏங்க…"

வைத்தான்.

பாட்டு முடியும் இடம் வந்தது. பதறி ஊசியை முதலுக்கு எடுத்து வைத்தான். அந்த இமைப்பொழுதில் அடுப்படியில் ஜோதிமணியின் முனகல். மறுபடி முடிந்தது. எடுத்து வைத்தான். இடது கை சாவியில். வலது கை ஊசியில். கண்ணில் வேர்வை. துடைக்கக் கை இல்லை.

ஜோதிமணி வயிற்றைத் தாங்கிக்கொண்டு வந்து நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

"உங்க பாட்டுக்கு என்னா ஆட்டம் ஆடுறான் பாருங்க. நிப்பாட்டிராதீங்க."

தலையை ஆட்டினான். ஊசி முனையில் பிளேட்டின் கறுப்புப் பொடி சேர்ந்துகொண்டே இருந்தது. கரகரப்பு ஏறியது. கித்தார் போயிற்று. குரல் போயிற்று. அடியில் மேளம் மட்டும்.

தேய்ந்து.

தேய்ந்து.