பச்சை வெளிச்சம் பட்டால்...

டாக்டர் பலீல் செத்துக் கிடந்தார்.

பின்மண்டையில் ஒரே அடி... பசறை ரோட்டுப் பழைய பங்களாவில் அவர் நடத்திவந்த ஆய்வுக்கூடத்தின் இருட்டறையில்.

ஆராய்ச்சி மாணவி சிவசக்தியை எல்லாரும் சந்தேகமாகத்தான் பார்த்தார்கள். கொழுந்து பறித்துப் படிக்கவைத்த அம்மா நமுனுகுல தேயிலைத் தோட்ட லயத்தில் இருக்கிறாள். மகள் கொலைகாரியாகப் பதுளை பொலிஸ் ஸ்டேஷனுக்குப் போகப்போகிறாள்!

காரணம், டாக்டரின் உதவியாளன் ரமேஸ் சொன்ன கதை.

"சார் கத்துற சத்தம் கேட்டு ஓடி வந்தேன். உள்ள மங்கலா இருந்துச்சு. கதவோரத்துல டியூப் லைட்டப் போட்டேன். சக்தி கம்பியோட நின்னுச்சு. பிடுங்கினேன்."

"பொய் சார். ரமேஸ் கூப்பிட்ட பிறகுதான் நான் உள்ளயே வந்தேன்."

இன்ஸ்பெக்டர் மர்ஸூக் நம்பியதாகத் தெரியவில்லை. அறைக்கோடி மேசையில், கறுப்பு மூடி போட்ட பெட்டியைக் காட்டி என்னவென்று கேட்டார்.

கிராஃபீன் டிரான்சிஸ்டர் சிப் என்றாள் சிவசக்தி. மேலே வெளிச்சத்தை உணரும் புரதம் பூசியிருக்கிறது. துளி பச்சை வெளிச்சம் பட்டாலே புரதம் மாறும். சிப்பில் ஓடும் மின்சாரமும் மாறும். திரையில் கோடு துள்ளும். டியூப் லைட் பட்டால் புரதம் வெளுத்துச் செத்துவிடும். அதனால்தான் மூடி திறந்திருக்கும்போது இங்கே சிவப்பு விளக்கு மட்டும்.

"மூடினது யாரு?"

ரமேஸ் முந்திக்கொண்டான். "நான்தான். சார் வேலை பாத்துட்டிருந்ததால திறந்தே கிடந்துச்சு. கம்பியப் பிடுங்கிப் போட்டுட்டு, ஓடிப்போய் மூடினேன். என் கைரேகை இருக்கும்."

சிவசக்தி நிமிர்ந்தாள். வசமாக மாட்டிக்கொண்டான்!

"சார்... டியூப் லைட்ட அணைச்சுட்டு, சிவப்பு விளக்குல அந்த மூடியத் திறங்க. நான் கிட்ட வரல. பெட்டியில பச்சை வெளிச்சம் போடுற பட்டன நீங்களே அமுக்குங்க."

ரமேஸ் பதறித் தடுத்தான். சிப் வீணாகிவிடுமாம்.

மர்ஸூக் அமுக்கினார்.

கோடு துள்ளியது!

"புரதம் உசுரோட இருக்கு சார். டியூப் லைட் அது மேல படவே இல்ல."

மர்ஸூக் மெதுவாக ரமேஸ் பக்கம் திரும்பினார்.

"அப்ப லைட்டப் போட முன்னாடியே மூடியிருக்கீங்க. சத்தம் கேட்டு ஓடி வந்தவர், விழுந்து கிடந்த மனுசனத் தாண்டிப் போய், மூடி போட்டுட்டுத் திரும்பி வந்து லைட்டப் போட்டீங்களா?"

ரமேஸ் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். சிப்பை வெளிநாட்டுக் கம்பனி ஒன்றுக்கு விற்கப் பேசி வைத்திருந்தானாம். டாக்டர் மறுத்திருக்கிறார். ஆள் செத்தாலும் சிப் சாகக்கூடாது என்று பார்த்திருக்கிறான், பாவி.

விலங்கு மாட்டியானதும் மர்ஸூக் சிப்பைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"தங்கச்சி, இந்தச் சாட்சியக் கோர்ட்டுக்குக் கொண்டு போகலாமா?"

சிவசக்திக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"தாராளமா சார். நீதவான் ஐயாகிட்ட லைட்ட மட்டும் அணைக்கச் சொல்லுங்க."