காயமின்றிக் கடலில் விடவும்

"எண்ணிக்கை குறைவு. காயமின்றிக் கடலில் விடவும்."

படகின் முகப்பில் இருந்த கருவி ஒரு பெண்குரலில் இப்படிச் சொன்னபோது, ஜெனோவாவின் கையில் சீலா மீன்குட்டி ஒன்று துடித்துக்கொண்டிருந்தது. விதிப்படி ஈரக் கையால் அதன் வயிற்றைத் தாங்கி மெல்ல இறக்கிவிட்டாள். காலையிலிருந்து இது ஒன்பதாவது. பதினோரு மணிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவளுக்கு இந்தச் சீராட்டெல்லாம் எரிச்சலாக இருந்தது.

"அப்பா, போதும். கரைக்குப் போவோம்."

"ஏம்ட்டி கெடந்து பறக்குத? மணி ஏழுகூட ஆவல" என்றார் பனியடிமை.

"நாளைக்கு ஒம்பது மணிக்கு மதுரையில நிக்கணும். ஒரு நிமிசம் பிந்துனா அடுத்தவளுக்குக் குடுத்துருவாவ."

மதுரை நிலத்தடி ரயிலில் ஓட்டுநர் வேலை. மூன்று தேர்வு எழுதி வாங்கியது. இருபத்தாறு வயதில் அவள் தனக்கென்று கேட்டது இது ஒன்றுதான். இனி அப்பா படகுக்கு வேறு ஆள் தேட வேண்டும். அதனால்தான் கடைசியாக ஒருநாள் அவருடன் கடலுக்கு வந்திருந்தாள்.

கடலடியில் அரசு கடற்செவி என்ற கருவிகளை நட்டுப் பதினைந்து வருடம் ஆகிறது. மீன் வாலடிக்கும் ஓசையை வைத்தே இனம் பிரித்து எண்ணிவிடும். ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு தாழ்வரம்பு. எண்ணிக்கை அதற்குக் கீழே போனால் அந்த மீன் கடலைவிட்டு வெளியேறக் கூடாது. பொய் சொல்வானேன், திட்டம் பலித்தது. ஒழிந்தே போனது என்று நினைத்த மீனெல்லாம் திரும்பி வந்தது.

மீனவர்களுக்கும் அரசு குறை வைக்கவில்லை. அவள் ஊரான புன்னைத்துறைக்குத் தடைக்கால நிவாரணம் தவறாமல் வந்தது. சிக்கல் ஊர்க்காரர்களின் பட்டியலில்தான் இருந்தது. மஸ்கட் போனவன், திருப்பூரில் பனியன் தைப்பவன் என எல்லார் பெயரையும் மீனவர் என்றே வைத்திருந்தார்கள். 'பேரு கெடந்தா சோறா கேக்கப்போவுது?' என்பது கமிட்டித் தலைவர் பர்னபாஸின் வாதம். அரசு அனைவருக்கும் நாடிப்பட்டை கொடுத்துக் கையில் கட்டச் சொன்னது. இருநூற்று நாற்பத்து மூன்று பெயரில் துடித்தது ஐம்பத்தெட்டு நாடி.

நிவாரணம் நின்றுவிடும் என்று ஊர் நடுங்கியது. நல்ல கையெழுத்துக்காரி என்று ஜெனோவாவை மனு எழுதச் சொன்னார்கள். நாம்தான் போகப்போகிறோமே, அப்பாவுக்காவது நல்லது நடக்கட்டும் என்று அவள் மனம் உருகித்தான் எழுதினாள். 'மீனவரும் அழிந்துவரும் இனமே. மீனுக்குக் கொடுக்கும் பாதுகாப்பை எங்களுக்கும் கொடுங்கள்.' வாசித்தபோது ஊர்ச்சபையே கைதட்டியது.

பத்தே முக்காலுக்குப் பெட்டியோடு ஊர் எல்லைக்கு வந்தாள். மீன் லாரிகளைச் சோதிக்கும் கரைவாசல் அங்கேதான். அதற்கு அப்பால் பேருந்து உறுமிக்கொண்டு நின்றது. அவள் வாசலுக்குள் காலை வைத்ததும் குறுக்குக் கட்டை இறங்கியது.

"இனம், மீனவர். ஐம்பத்தெட்டு. தாழ்வரம்பு நூறு. எண்ணிக்கை குறைவு. காயமின்றிக் கடலில் விடவும்."

அதே பெண்குரல். ஜெனோவாவுக்குச் சிரிப்புதான் வந்தது. காவலர் இசக்கித்துரை சிரிக்கவில்லை.

"காலையிலதாம்மா உத்தரவு வந்துச்சு. ஒங்க ஊரு மனுவ ஏத்துக்கிட்டாவளாம்."

"அண்ணே, நா மனுசி. மீனா?"

"எங்கிட்ட கேட்டா? மெசின்கிட்ட கேளு."

"இந்தப் பட்டையக் கழத்தி எறிஞ்சிட்டுப் போறேன்."

"கழத்துனா செத்துட்டன்னு எழுதிரும். செத்தவ கையில எவன் ரயிலக் குடுப்பான்?"

அவள் கட்டையைப் பிடித்து உலுக்கினாள். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. சத்தம் கேட்டுப் பனியடிமையும் பர்னபாஸும் ஓடிவந்தார்கள்.

"தலைவரே, நாந்தான் எழுதுனேன், நானே சொல்லுதேன். அந்த மனு வேண்டாம்னு சொல்லுங்க!"

"எட்டி, கூறுகெட்டவளே, நிவாரணம் மூணு மடங்கா வருது! ஊரே ஒன்னயக் கையெடுத்துக் கும்புடுது" என்றார் பர்னபாஸ்.

"நூறு பேரு ஆனா எம்பிள்ளைய விடுவியளா?" என்று பனியடிமை காவலரிடம் கேட்டார்.

"நூறு ஆனா வாசல் தானா தெறந்துரும். மீனுன்னா அதுக்கப்புறந்தான சந்தைக்குப் போவுது."

பேருந்து ஒலியெழுப்பிவிட்டு நகர்ந்தது. ஜெனோவா கட்டைக்கு அடியில் குனிந்து பாய்ந்தாள். இசக்கித்துரை அவசரமாகப் பக்கத்து வாளியில் இரு கைகளையும் முக்கியெடுத்து, அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"கோவிச்சுக்காதம்மா. ஈரக் கையாலதான் தொடணும்னு விதி." பிறகு குரலைத் தாழ்த்தி, "எங்கயும் அடிபடலையே?" என்று கேட்டு, 'காயமில்லை' என்று பதிந்துகொண்டார்.

பேருந்து கிளப்பிய புழுதி அடங்கும்வரை பனியடிமை அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் அவளைக் கடலுக்குக் கூட்டிப்போகாமல் விடியும் முன்பே பஸ் ஏற்றியிருக்கலாமே என்று தன்னையே நொந்துகொண்டார்.

எல்லாருடைய மணிக்கட்டிலும் நாடிப்பட்டை ஒரே நேரத்தில் அதிர்ந்தது.

"இன்று முதல் மீனவர் இனப்பெருக்கக் காலம். அறுபத்தொரு நாட்களுக்கு யாரும் கடலுக்குச் செல்ல வேண்டாம். வீட்டிலேயே இருக்கவும். நிவாரணம் வந்து சேரும்."

ஜெனோவாவின் பட்டையில் மட்டும் கீழே நான்கு பெயர்கள் ஒளிர்ந்தன. ஊரில் கல்யாணமாகாத ஆண்கள் அவ்வளவுதான். முதல் பெயர் பர்னபாஸின் மகனுடையது.

பர்னபாஸ் எட்டிப் பார்த்துவிட்டு மீசையைத் தடவிக்கொண்டார்.

"இன்னும் நாப்பத்திரெண்டு பேரு வேணும்லா, சம்பந்தி" என்றார் பனியடிமையிடம்.