உடன்நிழல்கள்

"வணக்கங்கம்மா" என்று பதினொரு பிள்ளைகள் சுவரிலிருந்து ஒரே குரலில் சொன்னார்கள். சுவருக்கு இந்தப் பக்கம், சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த நறுமுகை மட்டும் வாயைத் திறக்கவில்லை.

செவ்வந்தி அதைப் பெரிதுபடுத்தவில்லை. இன்று பன்னிரண்டாம் வகுப்பின் கடைசித் தேர்வு. மகள் எழுதி முடித்து, கல்விச்சுவர் விடைகளை ஏற்றுக்கொண்டால் வீட்டுப்பள்ளி நிறைவுபெறும். வகுப்பும் அத்துடன் கலைந்துவிடும்.

வெயில்காலம் ஆண்டில் ஒன்பது மாதம் என்றானபோது பள்ளிக்கூடங்களை மூடிவிட்டார்கள். பெற்றவர்களே பாடம் நடத்த வேண்டும் என்று சட்டம் வந்தது. பாடம் நடத்துவதில் சிக்கல் இல்லை. தனியாகப் படித்த பிள்ளைகள் பேசுவதையே மறந்துபோனார்கள். வீடுகளை நேரடியாக இணைத்துப் பார்த்தார்கள். ஒரு வீட்டில் பின்னம் நடக்கும்போது இன்னொரு வீட்டில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. அதன் பிறகு வந்தவைதான் உடன்நிழல்கள். ஒவ்வொரு பிள்ளையின் முகத்தையும் குரலையும் குறும்பையும் கல்விச்சுவர் நாள்தோறும் பதிந்து, அந்தப் பிள்ளையின் நிழலை மற்ற வீடுகளுக்கு அனுப்பும். போய்ச் சேர்ந்த வீட்டில் அந்த நிழல் அந்த வீட்டுப் பாடத்தைப் படிக்கும், அந்த வீட்டு அம்மாவிடம் திட்டு வாங்கும், அந்த வீட்டுப் பிள்ளையோடு சேர்ந்து வளரும்.

செவ்வந்தி கண்டிப்பான அம்மா. ஈரோட்டில் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் அவளைப்போல் யாரும் பாடம் நடத்தவில்லை என்று அவளுக்கு ஒரு பெருமை உண்டு. கணவர் கடல் காற்றாலையில் வேலையாக இருந்தார், எப்போதாவதுதான் வருவார். ஆகவே மகளையும் சுவரில் இருந்த அத்தனை பேரையும் அவள் ஒருத்தியே ஒன்றாம் வகுப்பிலிருந்து இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். பாட நேரத்தில் யாராவது சிரித்தால் அவளுக்குப் பிடிக்காது.

தேர்வு தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் கதவு தட்டப்பட்டது. வெயிலில் யாரும் யார் வீட்டுக்கும் போகாத நேரம் அது. திறந்தபோது வெப்ப அங்கி போட்ட ஒரு பெண் நின்றாள். முகக்கவசத்தைக் கழற்றியதும் வியர்வை கழுத்தில் வழிந்தது.

"ஏனுங்க, யாருங்க நீங்க?"

"எம் பேரு ஜெசிந்தா. தூத்துக்குடியில இருந்து வாரேன். உங்க வகுப்புல ஆல்பின்னு ஒரு பையன் இருக்கானாக்கா?"

"இருக்கான். நேத்துக்கூட கணக்குல அவந்தான் முதல். ஏன்?"

"நான் அவனைப் பெத்தவ."

செவ்வந்தி முகம் மலர்ந்து அவளை உள்ளே அழைத்து மோர் கொடுத்தாள். "உங்க பையன் தங்கமுங்க" என்றாள். "வீட்டுலயும் இப்பிடித்தான் சூட்டிகையா இருப்பானுங்களா?"

ஜெசிந்தா மோரைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தாள். "அஞ்சாங்கிளாஸ் படிக்கையில செத்துப் போயிட்டான்க்கா. காய்ச்சல்."

செவ்வந்திக்குச் சட்டென்று கோபம்தான் வந்தது. "என்ன பேசறீங்க? அவன் உள்ள பரீட்சை எழுதிட்டிருக்கான்."

"பதிவு நின்னாலும் நிழல் நிக்காதாம்க்கா. அந்தந்த வீட்டுல என்ன கிடைக்கோ அதை வச்சு வளருமாம். பிள்ளைக பயந்துருமேன்னு கல்விச்சுவர்க்காரவுக யாருக்கும் சொல்லாம விட்டுருக்காக. போன மாசம் கோவில்பட்டியில ஒரு பிள்ளை எங்கிட்ட இருந்த அவன் படத்தைப் பார்த்துட்டு, 'இவன் எங்கூடத்தான் படிக்கான்'னு சொல்லிச்சு. அதுல இருந்து வீடு வீடா போய்க்கிட்டு இருக்கேன்."

"எல்லா வீட்டுலயும் இருக்கானா?"

"இருக்கான். ஒரு வீட்டுல முரடனா நிக்கான். ஒரு வீட்டுல வாயே திறக்க மாட்டேங்கான். கூடப் படிக்கிற பிள்ளை பாஸாயிட்டா அந்த வீட்டுல அவன் இருக்க மாட்டான். ஒரு தடவை பாத்துட்டுப் போயிருதேன்."

செவ்வந்தியால் மறுக்க முடியவில்லை. இருவரும் உள்ளே வந்தபோது சுவரில் எல்லோரும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது வரிசையில், மீசை அரும்பிய ஒருவன் நிமிர்ந்து பார்த்தான். நேரே ஜெசிந்தாவைப் பார்த்தான். பிறகு பார்வையைச் செவ்வந்தியின் பக்கம் திருப்பினான்.

"இவங்க யாருங்கம்மா?"

ஜெசிந்தா சுவரைத் தொடுவதுபோல் நெருங்கி நின்றாள். "எய்யா, ஆல்பின். எதாவது பேசுய்யா."

"என்னங்க பேசோணும்? உங்களுக்கு ஏதாச்சும் வேணுங்களா?"

அந்தப் பேச்சு கொங்குப் பேச்சு. வார்த்தைக்கு வார்த்தை செவ்வந்தி இழுக்கும் அதே இழுப்பு. ஜெசிந்தா வெகுநேரம் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவன் திக்கலையே" என்றாள் கடைசியில்.

"சின்னதுல ரொம்பத் திக்குவானுங்க. நாந்தான் தினமும் வாய்விட்டுப் படிக்க வச்சு, மூணு வருசத்துல சரி பண்ணுனேன்" என்று செவ்வந்தி சொன்னாள். சொல்லும்போது அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஜெசிந்தாவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாதென்று பட்டது.

"அம்மான்னு சொல்லணும்னா நாலு தடவை முட்டிக்கிட்டு வரும் அவனுக்கு" என்றாள் ஜெசிந்தா. "அதைக் கேக்கத்தான் வந்தேன்."

நறுமுகை பேனாவைக் கீழே வைத்தாள். செவ்வந்தி பதறிப்போய் அவள் பக்கம் திரும்பினாள். பிள்ளையின் காதில் எல்லாம் விழுந்துவிட்டதே!

"கண்ணு, அது வந்து..."

"எனக்குத் தெரியும்மா. அஞ்சாவதுல இருந்தே தெரியும்." நறுமுகையின் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "முன்னாடி அவன் கடலைப் பத்திச் சொல்லுவான். சிப்பி, வலை, அவங்கப்பா ஓட்டுற படகு, தினமும் புதுசா ஏதாச்சும் இருக்கும். திடீர்னு ஒருநாள் நின்னுபோச்சு. அப்புறம் நான் சொன்னதைத்தான் திருப்பி எங்கிட்டயே சொல்றான்."

"தெரிஞ்சும் ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா அவனை எடுத்துருவீங்கல்ல?"

சுவரில் ஆல்பின் புன்னகைத்தான். எதற்கு என்று தெரியவில்லை. ஒருவேளை நறுமுகை தன் பக்கம் திரும்பியதற்காக இருக்கலாம்.

"சரி, அதை அப்புறம் பேசிக்கலாம். கடைசிக் கேள்வி ஒண்ணுதான் பாக்கி. எழுது."

"எழுத மாட்டேன்."

"நறுமுகை!"

"எழுதினா இவங்க எல்லாரும் போயிருவாங்க. நான் மட்டும் வெளிய போய் என்னம்மா பண்றது? வெளிய எனக்கு யாரைத் தெரியும்?"

செவ்வந்தி திட்டினாள், கெஞ்சினாள், மறுபடி திட்டினாள். ஒன்றாம் வகுப்பிலிருந்து அவள் சொல்லி நறுமுகை கேட்காத முதல் சொல் அது. கடைசியில் ஜெசிந்தாவைத் துணைக்கு இழுத்தாள். "நீங்களாச்சும் சொல்லுங்க. இத்தனை வீடு பாத்திருக்கீங்க. மத்த பிள்ளைக எல்லாம் முடிச்சுட்டு ஜம்முன்னு வெளிய போயிருக்குமில்ல?"

ஜெசிந்தா தயங்கினாள். "நான் போன வீட்டுல ஒரு பிள்ளையும் முடிக்கலக்கா. எல்லாம் கடைசிக் கேள்வியில நிக்குது. ஒரு வீட்டுல ரெண்டு வருசமா நிக்குது."

சுவரில் பிள்ளைகள் வெள்ளைத்தாளின் மேல் பேனாக்களைப் பிடித்தபடி காத்திருந்தார்கள்.

"ஆனா அந்த வீடுகள்ல உங்க மவளைப் பாத்தேன்" என்று ஜெசிந்தா தானாகவே தொடர்ந்தாள். "இந்த முகம்தான். கோவில்பட்டி வீட்டுல ஓயாம சிரிக்கா. என்னை யாருன்னு விசாரிச்சா. நான் அழுததும் அந்த வீட்டு அம்மாகிட்ட எனக்காகச் சண்டை போட்டா. 'பரீட்சையை எழுதித் தொலைங்க, நான் கடலைப் பாக்கப் போவணும்'னு எல்லாரையும் விரட்டுதா."

செவ்வந்தி தன் மகளைப் பார்த்தாள். வெளுத்த முகம், அசையாத கைகள். இந்த முகம் சிரித்தால் எப்படி இருக்கும் என்று அவளால் கற்பனை செய்ய முடியவில்லை. சிறுவயதில் சிரித்திருக்கிறாள். அதைத் திருத்தியது யாரென்பது நினைவிருந்தது.

"அது எந்தத் தெருவுங்க?" என்று கேட்டாள்.

ஜெசிந்தா சொன்னாள்.

"ஒருதரம் பாத்துட்டு வந்தர்றேன். ரெண்டே நாள்ல திரும்பிருவேன். அதுவரைக்கும் நீங்க இங்க..."

"இருக்கேன்க்கா" என்றாள் ஜெசிந்தா அவசரமாக. சொல்லி முடிப்பதற்குள் செவ்வந்தியின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "ஆல்பின், இங்க பாருய்யா. நான் சொல்லுத மாதிரி மெள்ள சொல்லு. அ... அ... அம்மா."

"அ... அ... அம்மா" என்றான் ஆல்பின். சொன்னதைச் செய்யும் நல்ல மாணவன் அவன். மற்றப் பிள்ளைகளும் கூடவே திக்கினார்கள். நறுமுகையும் உதட்டை அசைத்தாள். செவ்வந்தி வெப்ப அங்கியை மாட்டிக்கொண்டு கிளம்பியதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

தெற்கே போகும் வண்டியில் கூட்டமே இல்லை. திரை மூடிய சன்னல்களுக்கு வெளியே வெயில் வெள்ளையாக ஓடியது. மகளிடம் போய்வருகிறேன் என்று சொல்லாமல் வந்தது கரூர் தாண்டிய பிறகுதான் செவ்வந்திக்கு உறைத்தது. இறங்கலாமா என்று ஒரு கணம் எண்ணினாள். பிறகு அந்தச் சிரிக்கும் பெண்ணிடம் முதலில் என்ன பேசுவது என்று மனதுக்குள் ஒத்திகை பார்க்கத் தொடங்கினாள். 'சாப்பிட்டியா கண்ணு' என்று கேட்கலாம். கடலைப் பற்றிக் கேட்கலாம்.

அதற்கெல்லாம் முன்னால் தன் பெயரைச் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கும் என்பது அப்புறம்தான் தோன்றியது. அந்தப் பெண்ணுக்கு அவள் யாரென்றே தெரியாது.