கரை நகர்ந்த காலை

மரம் நடந்துகொண்டிருந்தது.

கையில் தேநீர்க் கோப்பையோடு படகின் முன்தளத்தில் பிரோனா அப்படியே நின்றுவிட்டாள். மரங்கள் நடக்காது, அது அவளுக்குத் தெரியும். ஆனால் அந்த வில்லோ மரம் கிளைகளைத் தண்ணீரில் இழுத்தபடி, மூடுபனிக்குள் சத்தமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. அதன் பின்னால் ஒரு வேலி போனது. வேலிக்குப் பின்னால் ஒரு பசு, நின்ற இடத்தில் நின்றபடியே போனது.

பசு அவளைப் பார்த்தது. அவள் பசுவைப் பார்த்தாள்.

மரமும் நடக்கவில்லை, பசுவும் நடக்கவில்லை. படகுகள்தான் போகின்றன! உள்ளே தூங்குகிற அத்தனை பேரோடும், ஏழு படகுகளும் ஷானன் ஆற்றில் மிதந்து போகின்றன!

"ஐயோ, கயிறு!" என்றாள் பிரோனா, பூனைக்குட்டியின் குரலில்.

ஆண்டுக்கு ஒருமுறை அயர்லாந்தின் ஷானன் ஆற்றுச் சிறு படகுக்காரர்கள் எல்லோரும் ஒன்றுகூடுவார்கள். கரையில் எல்லோருக்கும் இடம் இருக்காது. அதனால் ஒரு படகு கரையில் கட்டிக்கொள்ளும். அடுத்தது அந்தப் படகின் தோளில் கட்டிக்கொள்ளும். அதற்கடுத்தது இதன் தோளில். இப்படி நேற்று எட்டுப் படகுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நின்றன. கரையைப் பிடித்திருந்தது முதல் படகு மட்டும்தான்.

அந்த முதல் படகு கிரானியாவுடையது. கிரானியா ஒரு நர்ஸ். ஞாயிற்றுக்கிழமையும் அவருக்குக் காலையிலேயே வேலை.

"நான் கிளம்பணும்னா எல்லாரையும் எழுப்பணுமே. பாவம், பாட்டு பாடிட்டு இப்பதான் படுக்கப் போறாங்க" என்று நேற்று இரவு அவர் கவலைப்பட்டார்.

"நான் இருக்கேன்ல, கிரானியா? ரெண்டாவது படகோட கயித்தைக் கரையில மாட்டிட்டு உங்களை அவுத்து விடணும். அவ்வளவுதானே? அப்பாகூட எத்தனை தடவை செஞ்சிருக்கேன். ஒருத்தரும் முழிக்க மாட்டாங்க, பாருங்க" என்று பிரோனா சொல்லியிருந்தாள்.

சொன்னபடியே ஒருவரும் விழிக்கவில்லை.

விடியும்போதே எழுந்து போய், இரண்டாவது படகின் இரண்டு கயிறுகளையும் கரையிலிருந்த இரும்புத் தூண்களில் மாட்டினாள். அதுவரைக்கும் சரி. ஆனால் கிரானியாவின் கயிறுகள் அடியில் மாட்டிக்கொண்டன. மேலே இருந்த கயிற்றைக் கழற்றினால்தான் கீழே இருப்பது வரும். கழற்றினாள். கிரானியாவின் கயிற்றை அவர் படகுக்குள் எறிந்தாள். இரண்டாவது படகோடு பிணைத்திருந்த கட்டைக் கிரானியா முன்பே அவிழ்த்திருந்ததால் படகு நகரத் தொடங்கிவிட்டது. ஓடிப்போய் அடுத்த தூணிலும் அப்படியே செய்தாள். கிரானியா காற்றில் ஒரு முத்தம் அனுப்பினார். பிரோனா இரண்டு கைகளையும் ஆட்டி விடைகொடுத்தாள். பிறகு கரையோரம் ஒதுங்கிய இரண்டாவது படகில் தாவி ஏறி, காலுறைக் கால்களோடு ஒவ்வொரு முன்தளமாகத் தாண்டி, கடைசியில் நின்ற தங்கள் 'மீன்கொத்தி'க்கு வந்து, மிகுந்த பெருமையோடு அடுப்பில் தண்ணீர் வைத்தாள்.

கழற்றிய கயிறுகளைத் திரும்ப மாட்டவே இல்லை.

இப்போது ஓர் அன்னம் பக்கத்தில் வந்து, படகுகளோடு சேர்ந்து மிதந்தது. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. எங்கும் வெண்மை. ஆற்றுக்கு மேல் ஒரு வீடு மட்டும் கூரையோடு பனியில் தொங்கிக்கொண்டு மெல்லக் கடந்துபோனது. கனவில்கூட இவ்வளவு அமைதி இருக்காது. ஏழு படகுகளிலிருந்தும் ஏழு விதமான குறட்டை கேட்டது.

கீழே, ஆறு வளையும் இடத்தில், பழைய கல்பாலம் இருக்கிறது. அதன் வளைவுக்குள் ஒரு படகு போகலாம். நெருக்கினால் இரண்டு போகலாம். கைகோத்த ஏழு படகுகள் போகவே முடியாது. கல்தூண்கள் விலகி வழிவிடப்போவதில்லை.

கத்தலாமா? வாயைத் திறந்தாள். உடனே மூடிக்கொண்டாள்.

போன வருடம் இப்படித்தான் ஒருவர் கத்தினார். எல்லோரும் எழுந்து ஒரே நேரத்தில் என்ஜினைப் போட்டார்கள். இந்தப் படகு முன்னால் இழுக்க, அந்தப் படகு பின்னால் இழுக்க, தண்ணீரில் கிடந்த கயிறு ஒரு படகின் அடியில் சுழலும் விசிறியில் நூல்கண்டு மாதிரி சுற்றிக்கொண்டது. அப்பாவை எழுப்பலாம்தான். ஆனால் அப்பா கண்ணைத் திறப்பதற்கு முன்பே சாவியைத் திருகுகிற ஆள். ஓர் என்ஜின் சத்தம் கேட்டால் போதும், மற்ற எல்லாமும் கிளம்பிவிடும்.

"நங்கூரம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். "முதல்ல நங்கூரம்."

கோப்பையைக் கீழே வைத்தாள். நங்கூரத்தைத் தூக்கி முன்முனையைத் தாண்டி இறக்கினாள். சங்கிலி கடகடவென்று ஓடாமல் இருக்க, கைமாற்றிக் கைமாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். அடியில் சேறு தட்டுப்பட்டது. நங்கூரம் சேற்றில் வழுக்கிக்கொண்டு வருவது சங்கிலி வழியாக அவள் உள்ளங்கையில் தெரிந்தது. வழுக்கியது, வழுக்கியது, பிறகு மெதுவாகக் கடித்துக்கொண்டது.

மீன்கொத்தி நின்றது. ஆனால் மறுமுனையில் இருந்த படகுகள் நிற்கவில்லை. மொத்தக் கூட்டமும் பெரிய கதவு திறப்பதுபோல நிதானமாகத் திரும்பத் தொடங்கியது. மறுமுனையிலும் ஒரு நங்கூரம் வேண்டும்!

மறுமுனையில் இருந்தது, கிரானியாவுக்கு அடுத்து நின்ற 'அவசரமில்லை' என்ற படகு. அதன் சொந்தக்காரர் பாஸ்கல். ஷானன் ஆற்றிலேயே அதிகமாக அவசரப்படுகிற மனிதர் அவர்தான்.

பிரோனா காலுறையோடு ஓடினாள். தளம் பனியில் நனைந்து வழுக்கியது. ஒரு படகில் காயப்போட்ட துண்டு முகத்தில் அறைந்தது. இன்னொரு படகில் நாய் தலையைத் தூக்கியது.

"சமத்து, தூங்கு" என்று கெஞ்சினாள். நாய் தலையைக் கீழே வைத்துக்கொண்டது.

கட்டம்போட்ட இரவு உடையில், வாய் நிறைய நுரையோடு, பல் துலக்கியபடியே பாஸ்கல் வெளியே நின்றிருந்தார். அவர் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிரோனா, நேத்து இந்த இடத்துல தேவாலயம் இருந்துச்சா?"

"இல்ல, பாஸ்கல்."

"அதானே! நானும் யோசிக்கிறேன். ராத்திரியில யாரு கட்டினாங்கன்னு..." அவர் நிறுத்தினார். கண்கள் முட்டைபோல விரிந்தன. "நாம போயிட்டிருக்கோம்! ஏய்! எல்லாரும்..."

பிரோனா பாய்ந்து போய், அவர் கையிலிருந்த பிரஷை அவர் வாய்க்குள்ளேயே திணித்தாள்.

"கத்தாதீங்க! ப்ளீஸ்! என்ஜினையும் போடாதீங்க."

"ம்ம்? ம்ம்ம்!" பாஸ்கலின் கை ஏற்கெனவே சாவியின் மேல் இருந்தது.

"உங்க கயிறு ரெண்டும் தண்ணிக்குள்ள கிடக்கு. அங்க பாருங்க, ஒண்ணு விசிறிக்குப் பக்கத்துல போயிடுச்சு. இப்ப என்ஜினைப் போட்டா சுத்திக்கும். அப்புறம் நாம அவ்வளவுதான்."

பாஸ்கல் எட்டிப் பார்த்தார். பச்சைத் தண்ணீருக்குள் வெள்ளைக் கயிறு விலாங்கு மீன் மாதிரி நெளிந்து படகின் அடியில் நுழைந்துகொண்டிருந்தது. அவர் சாவியிலிருந்து கையை எடுத்தார்.

"நீங்க பின்கயித்தை இழுங்க. நான் முன்கயிறு. மெதுவா, சிக்கிடப் போவுது."

இருவரும் இழுத்தார்கள். குளிர்ந்த கயிறு மடிமடியாகத் தளத்தில் விழுந்தது. பாஸ்கல் வாயில் பிரஷோடு மூக்கால் மூச்சு விட்டார். கயிறு முழுதும் வந்ததும் அவரே ஓடி முன்முனைக்குப் போனார்.

"ங்ஙூவம்?"

"ஆமா, நங்கூரம். இறக்கி விடுங்க. எறியாதீங்க."

வாழ்நாளில் முதல் தடவையாக பாஸ்கல் ஒரு வேலையை மெதுவாகச் செய்தார். சங்கிலி இறங்கியது. வழுக்கியது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். படகுக் கூட்டம் இன்னும் கொஞ்சம் திரும்பியது. அப்புறம் ஒரு பெருமூச்சு விட்டதுபோல நின்றுவிட்டது.

அப்போதுதான் படகுகளின் பின்னால் பனி கொஞ்சம் கலைந்தது. கல்பாலம் அங்கே நின்றது. தூணில் ஒட்டியிருந்த பாசி தெரிந்தது. பாசியின் மேல் உட்கார்ந்திருந்த நத்தையும் தெரிந்தது.

பாஸ்கல் பிரஷை வாயிலிருந்து எடுத்தார். "அம்மாடி!" என்றார், மிகச் சன்னமாக.

பிரோனா தளத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

படகுகளின் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. கலைந்த தலைகள் வெளியே வந்தன.

"யாராவது கரையைப் பாத்தீங்களா?" என்று ஒருவர் கொட்டாவி விட்டபடி கேட்டார்.

"நான் பால் வாங்கப் போகலாம்னு ஷூ போட்டுட்டு வந்தேன்" என்றார் இன்னொருவர், தண்ணீரைப் பார்த்தபடி.

பெர்னி வெளியே வந்தார். இந்த வருடக் கூட்டத்தின் தலைவி அவர். மற்ற நாட்களில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். ஆற்றைப் பார்த்தார், பாலத்தைப் பார்த்தார், இரண்டு நங்கூரச் சங்கிலிகளையும் பார்த்தார். கடைசியாக, கட்டம்போட்ட உடையில் கயிற்றுக் குவியலுக்கு நடுவே நின்ற மனிதரைப் பார்த்தார்.

"பாஸ்கல்! கரைக்குப் போன கயிறு உன்னோடதுதானே? இந்தத் தடவை என்ன பண்ணித் தொலைச்ச?"

எல்லோரும் சிரித்தார்கள். "போன வருஷம் எரிபொருள் இல்லாம நடு ஏரியில நின்னான்." "அதுக்கு முந்தின வருஷம் தன் தொப்பியைக் காப்பாத்தப் போய்த் தானே விழுந்தான்!" "இந்த வருஷம் எங்களையும் கூட்டிட்டுக் கிளம்பிட்டியா?"

பாஸ்கல் தலையைச் சொறிந்தார். கீழே உட்கார்ந்திருந்த பிரோனாவை ஒரு கணம் பார்த்தார்.

"ஆமாங்க, என் கயிறுதான். நம்ம ராசி அப்படி" என்றார்.

பிரோனாவின் காதுகள் சூடாயின. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். யாருக்கும் தெரியப்போவதில்லை. பாஸ்கலுக்கு ஏச்சு வாங்கிப் பழக்கம். தூரத்தில் மீன்கொத்தியின் தளத்தில் அப்பாவும் அம்மாவும் வந்து நின்றார்கள். அப்பாவும் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஆனால் பாஸ்கலின் கையைப் பார்த்தாள். கயிறு இழுத்த உள்ளங்கை சிவந்திருந்தது. அந்தக் கையை அவர் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டிருந்தார்.

அவள் எழுந்து நின்றாள்.

"அவர் இல்ல!"

குரல் எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. பாலத்தில் மோதித் திரும்பியும் வந்தது. *அவர் இல்ல... இல்ல...*

"நான்தான். கிரானியாவை அனுப்பும்போது இவரோட கயித்தைக் கழட்டினேன். திரும்ப மாட்ட மறந்துட்டேன். ரெண்டையும்." பாஸ்கலைக் கைகாட்டினாள். "பாஸ்கல் தூங்கிட்டுதான் இருந்தார். அவர் இல்லேன்னா ரெண்டாவது நங்கூரம் போட்டிருக்கவே முடியாது."

யாரும் சிரிக்கவில்லை. அப்பாவின் சிரிப்பும் போய்விட்டது.

பெர்னி படகு படகாகத் தாண்டி அவளிடம் வந்தார். "கத்தாம ஏன் இருந்த?"

"எல்லாரும் என்ஜினைப் போடுவீங்கன்னு பயந்தேன். கயிறு தண்ணிக்குள்ள இருந்துச்சு."

பெர்னி தளத்தில் கிடந்த ஈரக் கயிற்றைக் காலால் தள்ளிப் பார்த்தார். பிறகு எல்லோர் பக்கமும் திரும்பினார். "போட்டிருப்பீங்களா, மாட்டீங்களா? நிஜத்தைச் சொல்லுங்க."

மற்ற படகுக்காரர்கள் எல்லோரும் தங்கள் கால்விரல்களைப் பார்த்தார்கள்.

"நானே போட்டிருப்பேன்" என்றார் பெர்னி. "சரி. பனி விலகுற வரைக்கும் இங்கேயே இருப்போம். அதுக்கப்புறம் ஒவ்வொரு படகா, என் கண்ணு முன்னாடி, கயித்தை எண்ணிப் பாத்துட்டுக் கிளம்பணும். பிரோனா, அந்தக் கயித்துல கைவைக்கறதுக்கு முன்னாடி இனிமே ஒரு ஆளைக் கூப்பிடுற. தெரியுதா?"

"தெரியுது, பெர்னி."

"பாஸ்கல், பொய் சொன்னதுக்கு நீ எல்லாருக்கும் சாசேஜ் வறுக்குற."

"அது நியாயம்" என்றார் பாஸ்கல்.

இப்படித்தான் அன்று காலை உணவு நடு ஆற்றில் நடந்தது. வறுத்த சாசேஜும் சோடா ரொட்டியும் தட்டுத்தட்டாக ஒரு படகிலிருந்து அடுத்த படகுக்குக் கைமாறின. வெண்ணெய் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதி காணாமல் போயிருந்தது. அன்னம் ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்கிக்கொண்டு அங்கேயே சுற்றியது. அப்பா வந்து பிரோனாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். தன் தட்டிலிருந்த பெரிய சாசேஜை எடுத்து அவள் தட்டில் வைத்தார்.

பெரியவர்கள் இப்போது தணிந்த குரலில்தான் பேசினார்கள்.

"நான் கனவு கண்டேன்" என்றார் ஒருவர். "கட்டிலோட எங்கேயோ போற மாதிரி. ரொம்ப நல்லா இருந்துச்சு."

"எனக்கும்தான்" என்றார் அடுத்த படகுக்காரர்.

வெயில் பனிக்குள் இறங்கியது. வெண்மை பொன்னிறமாக மாறியது. கரை இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது.

கடைசியாக எழுந்தவன் பிரோனாவின் தம்பி ஃபின்டன். போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு அவளைத் தேடி வந்தான். பாலம், சங்கிலி, நடு ஆற்றில் சாப்பிடும் கூட்டம், எல்லாவற்றையும் பார்த்தான். பிரோனா நடந்ததைச் சொல்லச் சொல்ல, அவன் உதடு பிதுங்கியது.

"பசு நகர்ந்துச்சா?"

"ஆமா" என்றாள் பிரோனா.

"வீடு பனியில தொங்குச்சா?"

"ஆமா."

அவன் அவள் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து, யாருக்கும் கேட்காதபடி அவள் காதில் வாயை வைத்தான். அவன் கேட்டதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் அவள் பார்வை முதலில் கயிற்றுக் குவியலுக்குத்தான் போனது.

"நான் மட்டும்தான் தூங்கிட்டேன், அக்கா. இன்னும் ஒரே ஒரு தடவை அவுத்து விடுறியா?"