பீடத்தில் கிடந்த பிள்ளை

இறகு மட்டும் அசையவில்லை. கோயிலுக்குள் காற்று புகுந்து அத்தனை மெழுகுத்திரிகளையும் சாய்த்தது; செத்துப் பிறந்த பிள்ளையின் உதட்டில் வைத்த கோழியிறகோ ஒட்டிவைத்தாற்போல் கிடந்தது.

ஈரக் கல்லும் பழம்புகையும் நாறும் அந்தப் பழைய கோயிலில், மாதா பீடத்தின் முன் தாய் எதியனெத் காலையிலிருந்து மண்டியிட்டிருந்தாள். உயிர் திரும்பிய அடையாளம் ஒன்று தெரிந்தால் போதும், மருத்துவச்சி பியேரெத் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்துவிடுவாள். உடனே பிள்ளை மறுபடி கண்மூடும். கல்லறைத் தோட்டச் சுவருக்கு உள்ளே இடம் கிடைக்கும். இல்லையென்றால் சுவருக்கு வெளியே, வேலியோரம், செத்த நாயைப் புதைப்பதுபோல். மோட்சமும் கிடையாது.

"பொழுது சாஞ்சுடுச்சு பொண்ணே. மாதா மனசு வைக்கல," என்றபடி பியேரெத் திரியை நிமிர்த்தத் திரும்பினாள்.

பெற்ற வயிறு கேட்குமா? எதியனெத் குனிந்து ஊதினாள். மெல்ல. பிள்ளையின் வாய்க்குள்ளேயே.

"அசைஞ்சுது! அக்கா, பாருங்க, இறகு அசைஞ்சுது!"

பியேரெத் ஓடிவந்து தண்ணீர் ஊற்றினாள். வாசலில் நின்ற குழிவெட்டி மத்யூரென் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "பய கெட்டிக்காரன். கதவு சாத்தறதுக்குள்ள சொர்க்கத்துல நுழைஞ்சுட்டான்!"

எதியனெத்துக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாய் வந்தன. பிள்ளையை வாரி எடுத்தாள். அப்போதுதான் பார்த்தாள்.

துணிக்குள் சின்ன மார்பு ஏறி இறங்கியது. கன்னம் கல்லாய்ச் சில்லிட்டிருந்தது, உதட்டு நீலமும் மாறவில்லை. அவள் மூச்சை இழுத்தால் மார்பு ஏறியது. விட்டால் இறங்கியது. அடக்கிப் பார்த்தாள். நின்றது.

மாதாவே! இது என் மூச்சு.

சொல்லலாம். சொன்னால் அடையாளம் பொய் என்றாகிவிடும், பிள்ளை வேலியோரம் போகும். பிள்ளையைப் பியேரெத்திடம் நீட்டினாள்.

பியேரெத் துணியை இறுக்கிச் சுற்றியபோது எதியனெத் மூச்சை அடக்கினாள். குழியில் இறக்கியபோது அடக்கினாள். அவர்கள் முகம் திரும்பும்போது மட்டும் ஒரு வாய்க் காற்றைத் திருடினாள். மண் விழுந்தது. இன்னும் விழுந்தது. காது அடைத்தது. கண் இருண்டது.

மத்யூரென் மண்வெட்டியால் மேட்டைத் தட்டிச் சமன் செய்தான். பியேரெத் அவள் தோளை அணைத்துக்கொண்டாள்.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. இனிமே நிம்மதியா மூச்சு விடு, கண்ணு."

விட்டாள்.

இழுத்தாள்.

காலடியில் ஈரமண் மெல்ல எழும்பியது.