பன்னிரண்டாவது பூனை

எண்ணிப் பார்த்தபோது பன்னிரண்டு வந்தது.

இந்திராணி பிலிமைப் பின்னுக்குச் சுற்றி மறுபடி எண்ணினாள். பழைய ராஜஸ்தானி ஓவியங்களைப் போலவே வரைந்த குழந்தைகள் கார்ட்டூன் படம் அது. அரண்மனைக்குள் ஒளிந்திருக்கும் பதினொரு பூனைகளைப் படம் பார்க்கும் பிள்ளைகள் கண்டுபிடிக்க வேண்டும். பதினொன்றுக்கும் வர்ணம் தீட்டியவள் அவள்தான். ராணியின் கட்டிலுக்கடியில் இருந்ததை அவள் தீட்டவில்லை. மற்றவை படத்துக்குள் எதையாவது பார்த்துக்கொண்டிருந்தன. இது அவளைப் பார்த்தது.

மேற்பார்வையாளர் வெங்கடராமன் அவள் தோளுக்கு மேல் குனிந்தார்.

"எட்டாவதோட நின்னவளுக்கு எண்ணிக்கை எங்கே வரப்போறது. ஒண்ணு ஜாஸ்தியா வரைஞ்சிருக்கே."

"நான் வரையல சார்."

"அச்சா. பூனையே தன்னை வரைஞ்சுண்டுதாக்கும்." அவர் ஒரு பிளேடை மேஜையில் வைத்தார். "நாலு மணிக்குப் பெரிய அதிகாரிகள் பார்க்க வரா. வேற பிரிண்ட் போட நேரமில்லை. சுரண்டி எடு. ஒரு ரோமம் மிச்சமிருந்தாலும் நாளைக்கு வேலைக்கு வராதே. கிட்வாய் நகர் வீட்ல அம்மாவோட உக்காந்து அப்பளம் இடு."

நான்கு விநாடிக் காட்சி. தொண்ணூற்றாறு ஃபிரேம்கள். பூதக்கண்ணாடிக்குக் கீழே பூனை நகத்தளவுதான் இருந்தது; ஹீட்டரின் தூசி வாசனையும் சூடேறிய பிலிமின் புளிப்பும் மூக்கில் ஏற, ஜனவரிக் குளிரில் மரத்த விரல்களால் அவள் இடமிருந்து வலமாகச் சின்னச் சின்னக் கீற்றுகளாகச் சுரண்டினாள். கண்களிலிருந்து தொடங்கினாள். அப்படியாவது அது பார்க்காமல் இருக்கட்டும்.

முப்பதாவது ஃபிரேமில் அது தலையைத் தாழ்த்தியிருந்தது. அறுபதில் வாய் திறந்திருந்தது. எண்பதில் கட்டில் காலோடு ஒண்டிக்கிடந்தது. பிளேடின் சத்தத்துக்கு அடியில் மெல்லிய இன்னொரு சத்தம் கேட்டது. வேலை போய்விடும். அவள் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு மிச்சத்தையும் சுரண்டினாள்.

மூன்றரைக்கு அறையை இருட்டாக்கி, வெங்கடராமன் ஒருவருக்காக மட்டும் புரொஜெக்டரை ஓட்டினாள். முன் நாற்காலியில் இருந்து அவர் உரக்க எண்ணிக்கொண்டே வந்தார். ஒன்பது. பத்து. கட்டிலுக்கடியில் பூனை இல்லை. அந்த இடத்தில் வெள்ளையாக ஒரு ஓட்டை துடித்தது.

"பதினொண்ணு. சரியா இருக்கு."

காட்சி மாறித் தோட்டம் வந்தது. அவள் அந்தப் பகுதியைத் தொடவே இல்லை. ஆனாலும் மரத்தடியில் அதே வெள்ளை இருந்தது. அடுத்து வந்த குளத்தின் படியில். அதன்பின் திரையின் கீழ் விளிம்பில்.

அதற்கப்புறம் திரையில் இல்லை.

அவர் மடியில் இருந்தது.

"சார்."

அவர் திரும்பினார். கண்கள் இருந்த இடம் வெறும் வெள்ளை. நெற்றியும் மூக்கும் கீற்றுக் கீற்றாகப் போய்க்கொண்டிருந்தன. ரத்தம் இல்லை. உரிந்த துணுக்குகள் சட்டைமேல் சுருண்டு விழுந்தன.

கதவுக்கு வெளியே பூட்ஸ் சத்தங்கள். யாரோ தட்டினார்கள்.

"கதவைத் திறம்மா," என்றது மிச்சமிருந்த வாய். "அவா வந்துட்டா."